“படிக்கிற டாக்டரா? வேண்டாமுங்க!”

1/ கோயமுத்தூர்ல கண் ஆஸ்பத்திரி வரிசையில அடிக்கடி காதுல விழுற வசனம் இது: “படிக்கிற டாக்டர் வேண்டாமுங்க, பெரிய டாக்டரையே பாக்கச் சொல்லுங்க.” பயம் நியாயமானதுதான். ஆனா அதைத் தப்பான ஆள்மேல காட்டுறோம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ யாரு அந்தப் “படிக்கிற டாக்டர்”? எம்பிபிஎஸ், ஒரு வருஷ ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, நீட் பிஜி எல்லாம் தாண்டி வந்த, முறையாகப் பதிவு செய்த டாக்டர். அடுத்து 3 வருஷம் எம்.எஸ் அல்லது டி.என்.பி. அதில் தேறி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்ல கூடுதல் தகுதியாகப் பதிவு செய்த பிறகே கண் சிறப்பு மருத்துவர்.

3/ 2020ல் தேசியத் தேர்வு வாரியம் 8 துறைகளில் 2 வருஷ டிப்ளமோவும் தொடங்கியது. கண் மருத்துவமும் அதில் ஒன்று. ஆக, பாதை இருக்கு. பல இடங்கள்ல இல்லாதது, கை பழகுற வாய்ப்பு.

4/ கண்புரை ஆபரேஷனைப் புத்தகம் படிச்சுக் கத்துக்க முடியாதுங்க. முதல்ல ஆட்டுக் கண்ணுல பழகணும். அப்புறம் நோயாளிகிட்ட ஒவ்வொரு படியா. பக்கத்துலயே சீனியர் அதே மைக்ரோஸ்கோப்பின் இன்னொரு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருப்பார். கை தடுமாறினா அந்த நொடியே அவர் வாங்கிச் செய்வார்.

5/ அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி “நீங்க படிக்கிறவரா?” இல்ல. “யார் கூட இருப்பாங்க? சிக்கல் வந்தா யார் எடுத்துச் செய்வாங்க?” இதைக் கேளுங்க. இது உங்க உரிமை. இதுக்குப் பதில் சொல்லத் தயங்குற இடத்துல தாராளமா எழுந்து வந்துடுங்க.

6/ இனி என் சக சீனியர்களுக்கும் நிர்வாகங்களுக்கும். பயிற்சி டாக்டரை நாள் முழுக்க ஓபி பாக்க விடுறது, முகாம் பஸ்ல ஏத்துறது, இன்சூரன்ஸ் பேப்பர் எழுத வைக்கிறது, கடைசியில லாக் புக்ல ஒரு கையெழுத்து. இதுக்குப் பேர் பயிற்சி இல்ல. மலிவான கூலி.

7/ “கத்துக் கொடுத்தா நாளைக்கு எதிர்க்கவே கிளினிக் போடுவான்” என்பாங்க. போடட்டுமே! டாக்டர் வெங்கடசாமி 1976ல் மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் ஆரம்பிச்சார். முடக்குவாதத்தால கோணிப்போன விரல்களை வெச்சுக்கிட்டே ஆபரேஷன் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல செஞ்சவர். அவருக்கும் யாரோ ஒருத்தர் முதல் கண்ணை நம்பிக் கொடுத்திருக்காங்க.

8/ 1997ல் அரவிந்த் கோவைக்கு வந்தது. சங்கரா இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரி 1966லிருந்து இருக்கு. கண்ணுக்கு இவ்வளவு வசதி எத்தனை ஊருக்கு வாய்க்கும்? ஆனாலும் வால்பாறை எஸ்டேட்டிலிருந்தும் தாளவாடியிலிருந்தும் கண் ஆபரேஷனுக்கு மலை இறங்கித்தான் வரணும்.

9/ பட்டறையில கிரைண்டிங் போடும்போது தெறிச்ச இரும்புத் துகள், கரும்புத் தோகை கிழிச்ச கருவிழி, சர்க்கரையால கசியுற விழித்திரை. நம்ம ஊர்க் கண் இதுதான். இதையெல்லாம் இங்கேயே பாத்துப் பழகின டாக்டர்தான் நமக்கு வேணும்.

10/ முதுநிலை மாணவர் 3 மாசம் மாவட்ட மருத்துவமனையில வேலை செய்யணும்னு 2020லேயே விதி வந்தாச்சு. நல்ல விதி. ஆனா அங்க மைக்ரோஸ்கோப்பும் கத்துக்கொடுக்க ஆளும் இல்லேன்னா, அது வருகைப் பதிவேட்டுக் கணக்கு மட்டும்தான்.

11/ கேக்குறது நாலுதான். ஒவ்வொரு பயிற்சி டாக்டரும் மேற்பார்வையில செஞ்ச ஆபரேஷன் எண்ணிக்கையை வெளியிடுங்க. சீனியருக்குக் கத்துக்கொடுக்கவே தனி நேரம் ஒதுக்குங்க. ஸ்டைபெண்டை மாசாமாசம் கொடுங்க. நோயாளிகிட்ட மறைக்காம சொல்லிச் சம்மதம் வாங்குங்க.

12/ உங்களுக்கும் ஒண்ணு. இன்னும் இருபது வருஷத்துல உங்களுக்கோ எனக்கோ புரை வரும். அன்னைக்கு நாம தேடப்போற “பெரிய டாக்டர்”, இன்னைக்கு நாம வேண்டாம்னு அனுப்புற இதே பொண்ணும் பையனும்தானுங்க.