ஆளில்லாத பொருளா?



சம்மாந்துறையில் பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பின்பும் திரைக்கு அப்பால் ஒரு ராத்தா நின்றுகொண்டிருந்தார். "மௌலவி, ஒண்டு கேக்கட்டா? எங்கட குசினிக் கூரையில ஒரு தண்டவாளத் துண்டு இருக்கு. அது ஹலாலா?" என்றார்.

கேள்வி புதுமையாக இருந்தது. விபரம் கேட்டேன். 2010ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்த மறு வருடம், அவருடைய வாப்பா ஒரு பழைய இரும்பு லொறியிடம் அதை வாங்கியிருக்கிறார். மன்னார்ப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த ரயில் பாதையில் எடுத்தது என்று விற்றவனே சொல்லியிருக்கிறான். "ஆளில்லாத பொருள்தானே மகள், ஆருக்கும் நட்டமில்ல" என்று சொல்லி வாப்பா வளையாகப் போட்டுவிட்டார். இப்போது வாப்பா மௌத்தாகிவிட்டார். "சோறு ஆக்கக்குள்ள அண்ணாந்து பாத்தா வாப்பாட கப்றுதான் நினைவு வருகுது" என்று ராத்தா அழுதார்.

சகோதரிகளே, அந்தப் பாதையை அதே 2010இல் நானும் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் பதில் விளங்கும்.

நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் ரயில் போய் முடியும் பக்கங்களைக் கவனியுங்கள். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, எங்கும் கடலோரத்தில் ஒரு கோட்டை நிற்கும். போர்த்துக்கீசர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அந்த ஊர்களுக்கு ரயில் வந்தது. காங்கேசன்துறைக்கு 1905, தலைமன்னாருக்கு 1914, திருகோணமலைக்கு 1927, மட்டக்களப்புக்கு 1928. தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து மீண்டும் ரயிலில் சென்னை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் யுத்தம் இந்தப் பக்கத்து ரயிலையும் நிறுத்தியது.

நான் போனபோது மன்னார்க் கோட்டை நின்றது, பாதையைத்தான் காணவில்லை. பற்றைக் காட்டுக்குள் நீளமாக ஒரு மண்மேடு. அதன் மேல் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. தீவுக்குப் போகும் ரயில் பாலம் உடைந்து கிடந்தது. மேட்டை விட்டு இறங்காதீர்கள் என்று மிதிவெடிப் பலகைகள் எச்சரித்தன. தண்டவாளங்கள் எங்கே போயின? யுத்தம் செய்த இரு தரப்பும் பங்கர்களுக்குக் கூரையாகப் போட்டன. சிலிப்பர் கட்டைகளை மண் மூட்டைகளோடு சேர்த்து அடுக்கின. மிஞ்சியதைப் பழைய இரும்புக்காரர்கள் அள்ளினார்கள்.

எனக்கு வழிகாட்ட வந்தவர் எருக்கலம்பிட்டிப் பெரியவர் ஒருவர். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்களே, அவர்களில் ஒருவர். தீவிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டிக்குப் போய், இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக வாழ்ந்து, அப்போதுதான் திரும்பியிருந்தார். தன் வளவைக் காட்டினார். அத்திவாரம் மட்டும் இருந்தது. ஓடு இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக் கப்பியும் இல்லை.

அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் என் காதில் கேட்கிறது. "மௌலவி, எங்கட ஊட்டு ஓட்டைக் கழட்டினவனும் 'ஆளில்லாத ஊடுதானே' எண்டுதான் சொல்லியிருப்பான்."

சகோதரிகளே, இதை ஒரு கணம் யோசியுங்கள். ஆள் இல்லை என்பதால் உரிமை இல்லாமல் போகுமா? நம் வீட்டை விட்டு நாம் ஓடிய நாட்களில், வீடு நம்முடையதாகத்தானே இருந்தது? அப்படியானால் ரயில் ஓடாத பாதையும் அதன் உரிமையாளருக்கே சொந்தம். யார் அந்த உரிமையாளர்? இந்த நாட்டு மக்கள் எல்லோரும். கண்டெடுத்த பொருள் என்றுகூட இதற்குச் சட்டம் சொல்ல முடியாது. கண்டெடுத்த பொருளுக்கு உரிமையாளர் யாரென்று தெரியாது, இதற்குத் தெரியும்.

நம் முன்னோரும் ஒரு ரயில் பாதை போட்டார்கள். சுல்தான் அப்துல் ஹமீத் அவர்களின் காலத்தில் 1900இல் தொடங்கி 1908இல் டமஸ்கஸிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் போட்ட ஹிஜாஸ் ரயில் பாதை அது. ஹாஜிகளின் தண்ணீர்த் தடாகங்களைக் காக்கப் பாலைவனத்தில் நின்ற பழைய கோட்டைகளை ஒட்டியே அது போனது. ஒட்டகத்தில் நாற்பது நாள் எடுத்த பயணம் சில நாட்களாகக் குறைந்தது. இந்தியா உட்பட உலக முஸ்லிம்கள் அதற்குப் பணம் அனுப்பினார்கள். குர்பான் தோல் விற்ற காசுகூட அதில் சேர்ந்தது. ஆகவே அது வக்பு சொத்து. ஆனால் அதே பாதையில் பட்டாளமும் ஆயுதமும் போயின. 1916இல் கிளர்ச்சி மூண்டபோது பாதைக்கு வெடி வைத்தார்கள். இன்று ஹிஜாஸ் பகுதியின் பல இடங்களில் வெறும் மேடுதான் மீதம். உம்ராவுக்குப் போகும் சகோதரிகள் மதீனாவின் அன்பரிய்யாப் பள்ளிக்கு அருகில் பழைய ஸ்டேஷனைக் காணலாம். பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பார்க்கும்படி திருக்குர்ஆன் சொல்வது வெறும் வேடிக்கைக்காக அல்ல.

பொதுச் சொத்தின் பாரதூரத்தை நபி (ஸல்) அவர்கள் கைபர் யுத்தத்துக்குப் பின் விளக்கினார்கள். அம்பு பாய்ந்து இறந்த ஒரு பணியாளரைச் சுவர்க்கவாசி என்று தோழர்கள் வாழ்த்தினார்கள். பங்கிடப்படும் முன் அவர் எடுத்த ஒரு போர்வை அவர் மீது நெருப்பாக எரிகிறது என்றார்கள் நபியவர்கள். அதைக் கேட்டதும் ஒருவர் ஓடிப்போய்ச் செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மனிதனிடம் எடுத்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஊர் முழுவதற்கும் சொந்தமானதை எடுத்தால் யார் யாரிடம் போய்க் கேட்பது?

ராத்தாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். குசினியில் தொழுத தொழுகை கூடும். அதைப் பற்றிக் கலங்க வேண்டாம். ஆனால் பொருள் கையில் இருந்தால் பொருளையே ஒப்படைக்க வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்பது காரணமாகாது; எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள்.

கணவர் போய்க் கேட்டார். "அந்தத் துண்டைத் தூக்கிவர லொறிக் கூலியே கூடும், விடுங்கள்" என்று ஓர் அதிகாரி சிரித்தாராம். தனி ஓர் அதிகாரி மக்கள் சொத்தை மன்னித்துவிட முடியாது. ஆகவே இன்றைய விலையை இரும்புக் கடையில் விசாரித்து, அந்தத் தொகைக்கு ரயில் டிக்கட் வாங்கிப் பயணம் செய்யாமல் கிழித்துவிடச் சொன்னேன். அப்போது பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஆசனம் பதிவு செய்யும் டிக்கட் வேண்டாம். அது இன்னொருவரின் இடத்தைப் பறிக்கும். சாதாரண மூன்றாம் வகுப்பு டிக்கட் போதும்.

மாதம் கொஞ்சமாக, சீட்டுக்காசில் மிச்சம் பிடித்து, ராத்தா அதைச் செய்து முடித்தார். கடைசி டிக்கட்டைக் கிழித்த அன்று வாப்பாவுக்காக யாஸீன் ஓதியதாகச் சொல்லி அனுப்பினார்.

தலைமன்னாருக்கு 2015இல் மீண்டும் ரயில் போனது. தண்டவாளம் புதிது, மேடு அதே பழைய மேடு. சகோதரிகளே, இன்று உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு தடவை பாருங்கள். பாடசாலைக் கதிரை, ஆஸ்பத்திரிப் போர்வை, பள்ளிவாசல் பாய், நிவாரணத்துக்கு வந்த தறப்பாள் ஏதாவது தங்கிவிட்டதா? உங்கள் கணவரோடு பேசுங்கள், பிள்ளைகளுக்கும் காரணம் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும்போது திருப்பிக் கொடுப்பது இலேசு.

அல்லாஹ் நம் வீடுகளையும் நம் பெற்றோரின் கப்றுகளையும் ஹலாலால் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.