வேறிடத்தில் ஒரு பிரதி

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசாங்கத்தின் கணினிகள் குவிந்திருந்த மாளிகையில் ஒரு லித்தியம் பேட்டரியிலிருந்து கிளம்பிய அக்கினி, அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளை நம்பிக்கையோடு ஒப்படைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் சேமிப்பகத்தை 858 டெராபைட் தகவல்களோடு பஸ்பமாக்கிற்று. அளவு மிகப் பெரிதென்ற காரணத்தால் வேறிடத்தில் அதற்குப் பிரதியே எடுக்கப்படவில்லை என்று அறியும்போது மனம் பதைக்கிறது. யந்திர சாமர்த்தியத்தில் சிறந்த தேசத்திற்கே இக்கதியென்றால், பாக்கிக் கணக்கு முழுவதையும் கல்லாவுக்கருகே ஒரே கணினியில் வைத்து, நகலெடுத்த ஹார்ட் டிஸ்க்கையும் அதே மேஜை டிராயரில் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கும் சிறு வியாபாரியின் நிலை என்ன? அந்த டிஸ்க்கை அவர் இன்றிரவே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்; மாதம் ஒருமுறையேனும் அதிலுள்ள கோப்புகளைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.