தாயைப் பார்க்கப் போனவளின் கோப்பை மூடாதீர்கள்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்துகொண்டு, அந்நாட்டில் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கும் ஒருவர் முன் அனுமதி இல்லாமல் வெளிநாடு சென்றால், அந்த விண்ணப்பத்தை அவரே கைவிட்டுவிட்டதாகக் குடிவரவுத் துறை எடுத்துக்கொள்ளும். ஊரில் தகப்பனார் ஐசியுவில் கிடக்கிறார் என்பதெல்லாம் இந்த விதிக்குக் கணக்கில்லை. ‘அட்வான்ஸ் பரோல்’ எனப்படும் அந்த முன் அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரப் பல மாதங்கள்கூட ஆகலாம். இந்த விதி மாற வேண்டும். குடிமக்களின் கணவன் மனைவியருக்கு விண்ணப்ப ரசீதோடு சேர்த்தே பயண அனுமதியும் கிடைக்க வேண்டும். இதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் கூடிச் சட்டம் இயற்ற வேண்டிய தேவையே இல்லை. நிர்வாகம் தானே வகுத்த விதி இது. நிர்வாகம் நினைத்தால் திருத்தலாம்.

நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. மேற்படிப்புக்குப் போன மகள், உடன் வேலை பார்த்த ஒருவரை மணக்கிறாள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்த குடிமகன். கல்யாணம் ஆகிவிட்டது, இனி வரப்போக இருப்பாள் என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். ஆனால் மனு போட்ட நாளிலிருந்து அவள் கட்டுண்டு நிற்கிறாள். இது தெரிந்த வீடுகளில் வேறொரு கொடுமை நடக்கிறது. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கும். வாட்ஸ்ஆப்பில் மகள் கேட்டால், “ஒண்ணுமில்லம்மா, சும்மா செக்கப்புக்குத்தான் போயிட்டு வந்தோம்” என்று சொல்லிவிடுவார்கள். கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி தெரிந்துவிடக் கூடாதென்று கேமராவை முகத்துக்கு மட்டும் நெருக்கிப் பிடித்துக்கொள்வார்கள். சொன்னால் பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாளோ, வந்தால் திரும்பிப் போக முடியாதோ என்ற பயம்தான் அவர்களைப் பொய் சொல்ல வைக்கிறது. உண்மை தெரியும்போது பெரும்பாலும் நிலைமை கைமீறிப் போயிருக்கும்.

அதன் பிறகு நடப்பதை நம்மில் பலர் துக்க வீட்டில் நேரிலேயே பார்த்திருக்கிறோம். கூடத்தில் ஃப்ரீசர் பாக்ஸ். அமெரிக்காவிலிருந்து மகன் வருவானா, மாட்டானா என்று பங்காளிகள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். நாளை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஒருவர் சொல்வார், இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம் என்பார் இன்னொருவர். கடைசியில் தம்பி முறையாகும் ஒருவன் கொள்ளிச்சட்டியைத் தூக்குவான். சித்தப்பா மகன் மொபைலை உயர்த்திப் பிடித்தபடி பின்னால் நடப்பான். அந்தச் சின்னத் திரைக்குள், விடிந்தும் விடியாத நேரத்தில், ஏதோ ஒரு அபார்ட்மென்டில் ஒருவன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். அவனைப் பிடித்து வைத்தது பணமில்லை, மனமில்லாமையும் இல்லை. நிலுவையில் இருக்கும் ஒரு விண்ணப்பம்.

எல்லோரையும் இப்படிக் கட்டி வைப்பதுதான் சட்டத்தின் நோக்கம் என்றால் அது வேறு விவாதம். ஆனால் இதே விதி சிலருக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. எச்-1பி, எல்-1 விசாவில் வேலை செய்பவர்களும், அவர்களைச் சார்ந்து வந்த கணவன் மனைவியரும் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருக்கும்போதே அட்வான்ஸ் பரோல் இல்லாமல் ஊருக்குப் போய் வரலாம். விசா செல்லுபடியாக இருந்து, அதே வேலைக்குத் திரும்பினால் போதும். 1999-இல் செய்யப்பட்ட ஏற்பாடு இது. நிறுவனங்களின் வேலை தடைபடக் கூடாது என்று அரசு யோசித்தது. நல்ல யோசனைதான். ஆனால் மாணவர் விசாவில் இருந்து குடிமகனை மணந்தவளுக்கும், குடிமகனுக்கு நிச்சயிக்கப்பட்டவருக்கான கே-1 விசாவில் வந்து 90 நாளுக்குள் கல்யாணம் முடித்தவளுக்கும் அந்த விலக்கு இல்லை. நிறுவனத்தின் ஊழியர் விமானம் ஏறலாம், குடிமகனின் மனைவி ஏறக் கூடாது. ஒரே துறை, ஒரே விண்ணப்பம், ஒரே விதியில் இரண்டு நீதி. இதை எந்த நியாயத்தைக் கொண்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

அவசரத்துக்கு வழி இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது. துறையின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, நிலைமையைச் சொல்லி, உள்ளூர்க் கள அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். மருத்துவரின் கடிதம், உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ், புகைப்படங்கள், கட்டணம் எல்லாவற்றோடும் நேரில் போக வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அங்கே இருக்கும் அதிகாரியின் முடிவு. சிலருக்கு அன்றே கிடைக்கிறது. கடிதத்தில் நோயின் தீவிரம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. பக்கவாதம் வந்த மனிதர் பிழைப்பாரா என்பதை முதல் நாளே எழுதித் தர எந்த மருத்துவரால் முடியும்? கையில் தாள் கிடைத்துவிட்டாலும், திரும்பி வரும்போது உள்ளே விடுவதா என்பதை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்வார் என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தே வருகிறது. சாவு நெருங்கும் வீட்டுக்குக் கிளம்புகிறவர் இத்தனை படியேற வேண்டியிருப்பதை அவசர வழி என்று எப்படிச் சொல்வது?

செலவும் ஏறியிருக்கிறது. 2007 முதல் கிரீன் கார்டு விண்ணப்பக் கட்டணத்துக்குள்ளேயே பயண அனுமதிக்கான கட்டணமும் அடங்கியிருந்தது. 2024 ஏப்ரலில் அதைப் பிரித்துவிட்டார்கள். முதன்மை விண்ணப்பத்துக்கு 1,440 டாலர், பயண அனுமதிக்குத் தனியாக 630 டாலர். நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். வேலைக்கான அனுமதியும் இன்னும் வராத நிலையில், இப்போதைக்கு எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று பயண மனுவைத் தள்ளிப்போடும் தம்பதிகளை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அவர்கள்தான் பிறகு அதிகம் தவிக்கிறார்கள்.

போலிக் கல்யாணங்கள் நடக்கின்றன, அதனால் கெடுபிடி தேவை என்பது எதிர்வாதம். நடப்பது உண்மைதான். 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடியுமுன் கிரீன் கார்டு பெறுகிறவருக்கு இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடியும் தறுவாயில் வீட்டு ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு என்று சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரங்களை மறுபடியும் காட்ட வேண்டும். கைரேகை உண்டு, பின்னணிச் சோதனை உண்டு, நேர்காணல் உண்டு. இத்தனை வலைகளுக்கு மேல் பயணத் தடையும் போட்டுப் பிடிக்கப்படும் போலி யார்? ஏமாற்ற வந்தவர் நாட்டைவிட்டு வெளியேறி, எல்லையில் இன்னொரு முறை அதிகாரி முன் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல விரும்ப மாட்டார். போகத் துடிப்பவர் உண்மையான மகளாகவோ மகனாகவோதான் இருப்பார்.

ரசீதையே பயண ஆவணமாக ஏற்பது புதிய யோசனையும் அல்ல. நிபந்தனை அட்டையை நிரந்தர அட்டையாக மாற்ற விண்ணப்பிப்பவர்களுக்குத் துறை அனுப்பும் ரசீது, காலாவதியான அட்டையின் ஆயுளை 48 மாதம் நீட்டிக்கும் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த ரசீதையும் பழைய அட்டையையும் காட்டி மக்கள் வெளிநாடு போய் வந்தார்கள். மனு குவிந்து கிடக்கும் குற்றம் துறையுடையது, விண்ணப்பித்தவருடையது அல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்ட செயல் அது. அந்த நியாயத்தை ஒரு படி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

இந்த இடத்தில் 2012 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பை நினைவூட்ட வேண்டும். அனுமதிக் காலம் கடந்து அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் தங்கியவர் வெளியேறினால் பத்தாண்டு உள்ளே வரத் தடை என்பது சட்டம். அட்வான்ஸ் பரோல் பெற்றுப் போய் வந்தவருக்கும் இந்தத் தடை உண்டா என்ற கேள்வி குடிவரவு மேல்முறையீட்டு வாரியத்தின் முன் வந்தது. இல்லை என்று வாரியம் சொன்னது. அந்த வழக்கில் நின்றவர்கள் ஓர் இந்தியத் தம்பதி. வயதான பெற்றோரைக் கவனிக்க இந்தியா போய் வந்தவர்கள். அனுமதியோடு போன தற்காலிகப் பயணத்தைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பத்தாண்டு கதவடைக்கக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பு பிறகு எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கிறது.

கிரீன் கார்டு வந்துவிட்டால் பாடு தீர்ந்ததா? குடியுரிமைக் கடிகாரம் அடுத்துத் தொடங்குகிறது. குடிமகனோடு சேர்ந்து வாழும் கணவன் அல்லது மனைவி மூன்று ஆண்டில் விண்ணப்பிக்கலாம், மற்றவர்களுக்கு ஐந்து. அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 18 மாதம் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர் வசிப்பு அறுந்ததாக முதலில் கருதுவார்கள். இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பித்தவரின் பொறுப்பு. ஓராண்டு ஆகிவிட்டால் நிரூபிக்கவும் வழியில்லை. மறு நுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு போனால் கிரீன் கார்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம், குடியுரிமைக் கணக்கைக் காப்பாற்ற முடியாது.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்ட தகப்பனை எழுப்பி நடக்க வைக்க ஆறு மாதம் போதாது. பிசியோதெரபிக்கு ஆள் வருவார், போவார். இரவில் புரட்டிப் படுக்க வைக்கவும், டியூபில் கஞ்சி ஊற்றவும், படுக்கைப் புண் வந்துவிடாமல் பார்க்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும். ஒரே பிள்ளை உள்ள வீடுகளில் அந்த ஒருவர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைதான். அவள் வந்து தங்கினால் கணவனைப் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்திருந்தால் சேர்ந்து வாழ்கிறீர்களா என்று அதிகாரி கேட்பார். பெற்றோருக்குச் செய்யும் கடமையே கல்யாணத்தின் மீது சந்தேகம் கிளப்பும் சாட்சியாகிவிடுகிறது.

இங்கும் சட்டம் நிறுவனத்துக்குத் தனி வழி வைத்திருக்கிறது. அமெரிக்க அரசுக்காகவோ, வெளிநாட்டு வணிகத்தை வளர்க்கும் அமெரிக்க நிறுவனத்துக்காகவோ வெளிநாட்டில் பணிபுரியும் கிரீன் கார்டு உள்ளவர், உரிய மனு போட்டுத் தொடர் வசிப்பை அறுபடாமல் வைத்துக்கொள்ளலாம். மதப் பணிக்குப் போகிறவருக்கும் வழியுண்டு. பெற்றோரைப் பேணப் போகிறவருக்கு இல்லை. இது நாடாளுமன்றத்தின் சட்டம். அங்கேதான் மாற வேண்டும். கடும் நோயுற்ற தாய் தந்தையைக் கவனித்ததற்கு மருத்துவச் சான்று இருந்தால், ஓராண்டு வரையிலாவது அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கும் திருத்தம் தேவை. நீதிமன்றத்தை நம்பிப் பயனில்லை. வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகனின் அடிப்படை உரிமையாகாது என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பெற்றோரை அங்கேயே அழைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று எளிதாகக் கேட்கிறார்கள். கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் பெற்றோருக்காக மனு போட முடியாது. 21 வயது நிறைந்த குடிமகன்தான் போடலாம். அப்படியே வந்து சேர்ந்தாலும், 65 வயது கடந்த புதிய குடியேறி மெடிகேர் எனும் அரசு மருத்துவக் காப்பீட்டைக் காசு கொடுத்து வாங்கக்கூட ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த ஐந்து ஆண்டில் என்ன பதில்? அதற்கும் மேலே, என் கட்டை இந்த ஊரில்தான் வேகும் என்று சொல்லும் முதியவரை மூட்டை கட்டி ஏற்றிச் செல்ல யாருக்கும் உரிமையில்லை.

இந்திய அரசின் பங்கும் இதில் உண்டு. குடியுரிமைச் சட்டம் 1955-இன் 9-ஆவது பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. உறுதிமொழி எடுத்த மாலையிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்த முடியாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும், பழையதை ஒப்படைக்க வேண்டும், விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோ பெற வேண்டும். இந்த இடைவெளியில் ஊரிலிருந்து சாவுச் செய்தி வருவதுண்டு. உயிராபத்து, மரணம் என்றால் விரைந்து பாஸ்போர்ட் கொடுக்க அமெரிக்காவில் தனி ஏற்பாடு இருக்கிறது. புதிதாகக் குடியுரிமை மாறியவருக்கு முதல் அவசர விசாவை ஒப்படைப்புச் சான்றிதழ் கேட்காமலே, வார விடுமுறை நாளிலும், அன்றே கொடுக்க நம் தூதரகங்கள் முன்வர வேண்டும். மிச்சத் தாள்களைக் காரியம் முடிந்து திரும்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இங்குள்ள குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயை மறைக்காதீர்கள். முன்கூட்டித் தெரிந்தால்தான் பிள்ளை பயண அனுமதிக்கு நேரத்தோடு விண்ணப்பிக்க முடியும். மருத்துவமனை முகவரித் தாளில், நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளபடியே இருக்க, நோய் என்ன, எவ்வளவு தீவிரம், பிள்ளையின் வருகை ஏன் தேவை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். மருத்துவரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும்.

விதியை மாற்றும் வலிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்றால், வாக்குரிமை உள்ள அந்த அமெரிக்கக் கணவன்மார்களிடமும் மனைவிமார்களிடமும்தான். அங்குள்ள நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகங்கள் குடிவரவுக் கோப்புகள் பற்றித் துறையிடம் கேட்டுச் சொல்கின்றன; அவசர மனுக்களை வேகப்படுத்த அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் நிறைய. தட்டுங்கள். கூடவே, எச்-1பி, எல்-1 என்று தொடங்கும் அந்த விலக்குப் பட்டியலில் குடிமக்களின் கணவன் மனைவியரையும் சேர்க்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதச் சொல்லி, அதே மேசையில் இன்னொரு கடிதத்தையும் வையுங்கள்.