சாட்சிக்கு நீதிமன்றம் பட்ட கடன்

விபத்தை நேரில் பார்த்ததால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தவர், ஆய்வாளர் கேட்டுக்கொண்டாரே என்று மகஜரில் கையெழுத்துப் போட்ட கடைக்காரர், உறவினரின் கிரயப் பத்திரத்தில் சாட்சியாக ஒப்பமிட்ட பெரியவர். இவர்கள் யாருக்கும் வழக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் வாசலில் சம்மன் வந்து நிற்கிறது. இன்ன தேதி, காலை 10.30 மணி, இன்ன நீதிமன்றம். கூலியை விட்டுவிட்டு, பேருந்து ஏறிப் போய், டவாலி பெயர் சொல்லி அழைப்பார் என்று நடைவழியில் காத்திருந்தால், மாலையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘அடுத்த வாய்தாவுக்கு வாங்க.’

இப்படித் திருப்பி அனுப்புவதை நம் நீதிமன்றங்கள் வெறும் நிர்வாகச் சிக்கலாகப் பார்க்கின்றன. சட்டத்தின் பெயரால் ஒருவரைக் கட்டாயப்படுத்தி வரவழைத்துவிட்டு, அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல் அனுப்புவது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வர மறுப்பவரையும் வரவழைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அது இல்லாவிட்டால், உண்மை தெரிந்தவர் மனம் வைத்தால்தான் நீதி என்றாகிவிடும். அதனால் சாட்சி சொல்வதைச் சட்டம் குடிமக்களின் கடமையாக்கி, மீறினால் தண்டனையும் வைத்திருக்கிறது. நீதிமன்ற அழைப்பாணையை வேண்டுமென்றே மதிக்காதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 208ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சிவில் வழக்கில் பிடிவாரண்ட் பிறப்பிக்கவும் சொத்தை ஜப்தி செய்யவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆவது கட்டளை இடமளிக்கிறது.

ஆவணத்தைக் கேட்டு வரும் சம்மன் வேறு வகை. வங்கி மேலாளரோ கிராம நிர்வாக அலுவலரோ பதிவேட்டோடு வரும்படி அழைக்கப்பட்டால், அதை வேறொருவர் மூலம் கொடுத்தனுப்பினாலும் போதும். ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுத்த காரணத்தால் மட்டும் ஒருவர் சாட்சியாகிவிட மாட்டார். அவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. இது தெரியாமல் கூண்டில் ஏற்றிவிடுவார்களோ என்று அஞ்சுபவர்கள் பலர். குற்றம் சாட்டப்பட்டவரிடம் மட்டும் இந்த வகைச் சம்மன் செல்லாது. தனக்கு எதிரான ஆவணத்தைத் தானே கொண்டுவரும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1964இலேயே ஒரு குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது.

சம்மனின் கை எவ்வளவு உயரம் எட்டும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம் காட்டியது. வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் நிக்சன் தன் அலுவலக உரையாடல்களின் ஒலிநாடாக்களைத் தர மறுத்தபோது, தந்தே ஆக வேண்டும் என்று 1974 ஜூலை 24 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இரண்டு வாரம் கழித்து அவர் பதவி விலகினார். நம்முடைய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவோ குடியரசுத் தலைவர் தொடங்கி மாநில அமைச்சர்கள் வரை ஒரு நீண்ட பட்டியலைப் போட்டு, அவர்கள் நேரில் வரத் தேவையில்லை என்கிறது. அவர்களுடைய நேரத்துக்கு இந்த மரியாதை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வருபவரின் நேரத்துக்கு என்ன மரியாதை?

சட்டப் புத்தகத்தில் அதற்கும் பதில் இருக்கிறது. சாட்சி வந்து நிற்கும்போது, எழுத்தில் பதிவுசெய்த சிறப்புக் காரணம் இல்லாமல், அவரை விசாரிக்காமல் வழக்கை ஒத்திவைக்கக் கூடாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவிலும் அது அப்படியே தொடர்கிறது. ஒத்திவைக்கக் கேட்ட தரப்பின் மீது செலவுத்தொகை சுமத்தவும் அதில் வழியுண்டு. அப்படிச் சுமத்தி, அந்தப் பணத்தைக் காத்திருந்த சாட்சியிடம் கொடுக்கும் நீதிபதிகள் அரிது.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாததல்ல. 2000ஆம் ஆண்டில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில் நீதிபதி டி.பி.வாத்வா, தொலைவிலிருந்து வரும் சாட்சிகள் மீண்டும் மீண்டும் அலைக்கழிக்கப்படுவதையும், உட்காரவோ தண்ணீர் குடிக்கவோகூட அவர்களுக்கு வசதியில்லாததையும், படிப்பணம் ஒழுங்காகக் கிடைக்காததையும் விரிவாக எழுதி வருந்தினார். சாட்சிகள் முன்வரத் தயங்குவதற்கு நீதிமன்ற நிர்வாகமும் ஒரு காரணம் என்பதே அவர் எழுதியதன் சாரம். அதே மாநிலத்தின் ஒரு லஞ்ச வழக்கில், முதல் விசாரணை முடிந்து 20 மாதங்கள் கழித்துத்தான் ஒரு சாட்சியிடம் குறுக்கு விசாரணை நடந்தது. அதற்குள் அவர் பிறழ் சாட்சியாகிவிட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடிந்துகொண்டதில் வியப்பில்லை. சாட்சியை மிரட்டவும் விலைபேசவும் எதிர்த்தரப்புக்கு வேண்டியதெல்லாம் கால அவகாசம்தான். அதை வாய்தாக்கள் அள்ளித் தருகின்றன.

மிரட்டலுக்கு அஞ்சும் சாட்சியை வெறும் சம்மனால் பேசவைக்க முடியாது. குஜராத் கலவரத்தில் வடோதராவில் 14 பேர் கொல்லப்பட்ட பெஸ்ட் பேக்கரி வழக்கில், முக்கியச் சாட்சிகள் கூண்டில் ஏறிப் பிறழ்ந்தார்கள். 2003இல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் தலையிட்டு, மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சாமியார் ஆசாராம் மீதான வழக்குகளில் சாட்சிகள் தாக்கப்பட்டும் கொல்லப்பட்டும் போன பிறகு, 2018 டிசம்பரில்தான் நாடு முழுமைக்கும் ஒரு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை அந்த நீதிமன்றம் ஏற்றுக் கட்டாயமாக்கியது. புதிய சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. சம்மனோடு சேர்த்து, ‘உங்களுக்கு அச்சுறுத்தல் இருந்தால் இந்த அலுவலரை அணுகுங்கள்’ என்று ஒரு வரியை அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது.

புதிய சட்டத்தில் வரவேற்க வேண்டியவையும் உண்டு. சம்மனை மின்னணு முறையில் அனுப்பலாம். அரசு அறிவிக்கும் இடத்திலிருந்து காணொலி வழியே சாட்சியம் பெறலாம். பெயருக்குரியவர் வீட்டில் இல்லாவிட்டால் குடும்பத்தின் வயதுவந்த ஆணிடம்தான் சம்மனைக் கொடுக்க வேண்டும் என்றிருந்த பழைய விதி போய், இப்போது குடும்பத்தின் வயதுவந்த எவரிடமும் கொடுக்கலாம். பல காலம் முன்பே போயிருக்க வேண்டிய விதி அது. ஆனால், அனுப்புவது எளிதாகிவிட்டதால் அலைச்சல் குறைந்துவிடாது. சம்மன் கைப்பேசிக்கு வர முடியுமென்றால், ‘நாளை விசாரணை இல்லை, வர வேண்டாம்’ என்ற செய்தியும் முந்தைய நாள் அதே கைப்பேசிக்கு வர முடியும்.

அடுத்தது படிப்பணம். சிவில் வழக்கில் சாட்சியின் பயணச் செலவை, அழைக்கும் தரப்பு முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்டினால்தான் சம்மனே போகும். குற்ற வழக்கில் அழைப்பது அரசு. அங்கே சாட்சியின் செலவைத் தர உத்தரவிடுவது நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. தனியாரிடம் முன்பணம் கேட்கும் சட்டம் அரசிடம் இத்தனை தாராளமாக நடந்துகொள்வதை ஏற்க முடியவில்லை. மாநில அரசு விதிகளைத் திருத்தி, ஒருநாள் கூலிக்குக் குறையாத தொகையை அன்று மாலையே சாட்சியின் வங்கிக் கணக்கில் சேர்க்க வழி செய்ய வேண்டும்.

நீதிபதிகளின் சுமை, வழக்கறிஞர்களின் புறக்கணிப்புப் போராட்டம், சிறையிலிருந்து கைதியை அழைத்துவரக் காவலர் இல்லாமை என்று ஒத்திவைப்புக்கு உண்மையான காரணங்களும் உண்டு. மறுக்கவில்லை. அவற்றில் பல முதல் நாளே தெரிந்துவிடுபவை. ஒரே நாளில் இருபது சாட்சிகளை அழைத்து இரண்டு பேரை விசாரிப்பதைவிட, நான்கு பேரை நேரம் குறித்து அழைத்து நால்வரையும் விசாரிப்பது எந்த நீதிமன்றத்திலும் முடியக்கூடியதே. விசாரிக்காமல் அனுப்பும் ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுத வேண்டும் என்று 346ஆம் பிரிவு சொல்வதால், அந்தக் குறிப்புகள் வழக்குக் கட்டுகளில் இருந்தாக வேண்டும். கீழமை நீதிமன்றங்கள் எத்தனை வழக்குகளை முடித்தன என்று கணக்குக் கேட்கும் உயர் நீதிமன்றம், எத்தனை சாட்சிகளை விசாரிக்காமல் திருப்பி அனுப்பின என்பதையும் மாதந்தோறும் கேட்டு வாங்கி, மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.