மொழித்துறையும் தோட்டத்துப் பிள்ளையும்

இலங்கையில் பலாங்கொடையைத் தாண்டிப் பதுளை வீதியில் போனால் பெலிஹுல்ஓயா. 1996இல் தனிப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. அதன் மொழித்துறையில் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தோடு சீனம், ஜப்பானியம், ஜேர்மன், ஹிந்தியும் படிக்கலாம்.

மொழிப் பாடங்களைச் சர்வதேச தரத்துக்குக் கொண்டுபோவது பற்றி மாணவரிடம் கேட்டால், முதலில் வருவது தொழில் பற்றிய பேச்சு. அது நியாயமானது. தென்கொரியாவுடன் 2004இலும் ஜப்பானுடன் 2019இலும் தொழிலாளர் ஒப்பந்தங்கள் வந்த பிறகு, மொழிப் பரீட்சைதான் அந்நாடுகளில் வேலைக்கு முதல் படி. ஜேர்மன் மொழி தேவைப்படும் ஜேர்மனி விசாவுக்குக் கோதே நிறுவனம் போன்றவற்றின் சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள். பட்டப்படிப்போடு அந்தப் பரீட்சைக்கும் பயிற்சியும் கட்டண உதவியும் கிடைத்தால், கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் றக்வானையிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு வேறொரு சிக்கல் உண்டு. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வளர்ந்ததால் சிங்களம் சரளமாகப் பேச வரும், எழுதத் தடுமாறும். ஆங்கிலம் இன்னும் தூரம். இந்த நிலையில் ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கிலத்தில் விளக்கினால், ஒரு மொழியைப் படிக்க இரண்டு மொழியோடு மல்லுக்கட்ட வேண்டும். முதலாம் ஆண்டிலாவது தமிழில் விளக்கக் குறிப்புகளும் சொற்பட்டியலும் வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. இதைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை.

இன்னொன்று பேசப்படுவதே இல்லை. நம் பிள்ளைகள் வெளியே போவது மட்டுமா சர்வதேசமயமாதல்? ஹைடெல்பேர்க்கிலும் பாரிஸிலும் சிகாகோவிலும் பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்கிறார்கள். அந்த மாணவர்கள் ஒரு பருவம் பெலிஹுல்ஓயாவில் தங்கிப் படிக்கட்டுமே. தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பேச்சு, காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கூத்துகள், சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் எல்லாம் உயிருள்ள பாடப்பொருள். அவற்றைச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவர் தோட்ட லயத்தில் பிறந்து பட்டம் படிக்கும் மாணவரே. வெளிநாட்டு மாணவருக்கு அவர் துணை ஆசிரியராக இருக்கலாம். பதிலுக்கு அவருக்கு வெளிநாட்டு மாணவரின் மொழி பழகும்.

பாடத்திட்டத்தை அடுத்த முறை மீளாய்வு செய்யும்போது, துறையினர் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்த மாணவரையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து மொழி படிக்கப் போன வாசகர்கள் தங்கள் அனுபவங்களை எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.