அஜாக்கிரதை யாருடையது?



இரும்புலியூர் பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் தாம்பரத்திலிருந்து தெற்கே பறக்கும் வெளியூர் பஸ்கள். இன்னொரு பக்கம் மதுரவாயல் பை-பாஸிலிருந்து வந்து ஜி.எஸ்.டி. சாலையில் சேரும் கன்டெய்னர் லாரிகள். இடையிலே ஷேர் ஆட்டோ, கம்பெனி வேன், தண்ணி லாரி. இத்தனைக்கும் நடுவே ஒரு கையில் டிராஃப்டரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி வண்டிகளை நிறுத்தச் சொல்லியபடியே ஓடுகிற நாம்! அக்கரை சேர்ந்ததும் "அப்பாடா, பொழைச்சோம்டா" என்று சிரிக்கிறோம். தினமும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்ச நாளாகக் கசக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்காவது விபத்து நடந்தால் டீக்கடையில் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "எல்லாம் விதி". இன்னொன்று, "டிரைவர் தூங்கியிருப்பான்". போலீஸ் எஃப்.ஐ.ஆரிலும் ஒரே வாசகம்தான்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து..." இந்த வாசகத்தோடு கேஸ் முடிந்துவிடுகிறது, நம் யோசனையும் முடிந்துவிடுகிறது. ஆனால் கணக்கைப் பார்த்தால் அப்படி முடித்துவிட முடியவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. இந்தியாவிலேயே முதலிடம்! இறந்தவர்கள் 17,884 பேர். இதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். 365-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 49 பேர். மணிக்கு இரண்டு பேர். நமக்கு ஒரு பீரியட் முடிந்து மணி அடிப்பதற்குள் இரண்டு வீட்டில் ஒப்பாரி. நாடு முழுவதும் அந்த வருடம் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். அதாவது நாமும் நம் அண்ணன்மார்களும். நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறக்குறைய 20 பேர் சும்மா நடந்து போனவர்கள்!

இன்னொரு கணக்கு. விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு வளைவிலோ பள்ளத்திலோ நடக்கவில்லை. நேரான சாலையில் நடந்திருக்கிறது. நூற்றுக்கு 71 சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அறிக்கை சொல்கிறது. வேகம் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. சிவில் நண்பர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்: 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, ஆளைப் பார்த்து, பிரேக் போட்டு நிற்கச் சுமார் 45 மீட்டர் வேண்டும். 60 கி.மீ. என்றால் 80 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் மோதும் சக்தி இரண்டே கால் மடங்கு ஏறுகிறது. ஆனால் என் கேள்வி வேறு. ஊருக்கு நடுவே நேராக, அகலமாக ரோடு போட்டு, "வா, பற" என்று கூப்பிட்டுவிட்டு, ஓரத்தில் "மெதுவாகச் செல்" என்று ஒரு தகரப் பலகை வைத்தால் போதுமா? அஜாக்கிரதை என்பது ஸ்டியரிங் பிடித்தவனிடம் மட்டும்தான் இருக்கிறதா?

நம் ஒர்க்‌ஷாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டிங் வீலுக்கு மேல் கார்டு இல்லை. திங்கட்கிழமை ஒருவனுக்கு விரல் போகிறது. புதன்கிழமை இன்னொருவனுக்கு. வெள்ளிக்கிழமை மூன்றாவது ஆள். "பசங்க கவனமா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஸ்ட்ரக்டர் போய்விடுவாரா? முதல் நாளே மெஷினை நிறுத்தி, கார்டு மாட்டின பிறகுதானே ஸ்விட்ச் போடுவார்! ஒரே இடம், ஒரே நேரம், ஒரே மாதிரி அடி என்றால் அதற்குப் பெயர் விதி இல்லை, டிசைன் கோளாறு. இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம், நம் டிப்ளமோ போதும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2012 ஜூலை 25. முடிச்சூர். பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி விழுந்து, அதே பஸ்ஸின் பின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். ஆத்திரத்தில் ஜனங்கள் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். அந்தச் சாவில் எதிரே வந்த லாரி இல்லை, மழை இல்லை, இருட்டு இல்லை. ஒரு ஓட்டை இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. நல்லதுதான். ஆனால் ஒரு குழந்தை போன பிறகுதான் ஓட்டை நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா?

அரசாங்கக் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தைக் 'கரும்புள்ளி' என்று அறிவிக்க என்ன தகுதி தெரியுமா? சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று வருடத்தில், மரணமோ பலத்த காயமோ ஏற்படுத்திய விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது பத்து பேர் செத்திருக்க வேண்டும். அதாவது நாலு விபத்து நடந்த இடம் இன்னும் நல்ல இடம்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். ஸ்வீடன் நாடு 1997-லேயே, 'மனிதன் தப்பு செய்வான், அந்தத் தப்புக்குத் தண்டனை சாவாக இருக்கக் கூடாது, சாலையை அதற்கேற்ற மாதிரி அமை' என்ற கொள்கையைச் சட்டமாக்கியது. அந்த ஊர் டிரைவரும் நம்மைப் போல மனுஷன்தான்.

"ஏம்ப்பா, நாமே யோக்கியமா? மூணு பேர் ஒரே பைக்கில் போறோம், ஃபுட்போர்டில் தொங்குறோம். இதில் ரோட்டைக் குறை சொல்ல வந்துட்டியா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நானும் நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட் இல்லாமல் போயிருக்கிறேன். "பக்கம்தானேடா" என்பதுதான் என் சாக்கு. 2022-ல் ஹெல்மெட் போடாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்தவர்கள். அவர்களிலும் எத்தனை பேர் "பக்கம்தானே" என்று கிளம்பினார்களோ! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். தலைப்பாகை இருந்தால்தானே அதோடு போகும்? என் தப்பை நான் திருத்திக்கொள்கிறேன். ஆனால் என் தப்பு இருக்கிறது என்பதற்காக ரோட்டின் தப்பு மறைந்துவிடாது. இரண்டும் சேரும்போதுதான் உயிர் போகிறது.

ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அந்த ரோட்டைப் போடப் போவது நாம்தான். சைட் சூப்பர்வைசர் நாம். கேபிள் போடப் பள்ளம் தோண்டி, சிவப்பு விளக்கு வைக்காமல் வீட்டுக்குப் போகிறவன் நம்மில் ஒருவனாக இருக்கலாம். பஸ் டிப்போவில் "ஓட்டை சின்னதுதான்" என்று கையெழுத்துப் போடுகிறவனும் நாமாக இருக்கலாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையை உரிய தரத்தில் வடிவமைக்காமல், கட்டாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். காண்டிராக்டரும் இதில் அடக்கம். பணம் பெரிசோ சின்னதோ, அஜாக்கிரதை டிரைவருக்கு மட்டும் சொந்தமில்லை என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது!

அடிபட்டவரைத் தூக்கப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதவி செய்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 திருத்தத்திலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 2021 டிசம்பரில், இதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108-க்குப் போன் போடுங்கள், கூடவே நில்லுங்கள்.

கடைசியாக நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு எவ்வளவோ உழைக்கிறோம். ஒரு வாரம், காலையும் மாலையும், நாலு நாலு பேராக அந்த ஸ்டாப்பில் நிற்போம். எத்தனை பேர் கடக்கிறார்கள், எங்கே கடக்கிறார்கள், வண்டி என்ன வேகத்தில் வருகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று குறிப்பெடுப்போம். டேப் பிடித்து அளந்து, நம் கையால் ஒரு வரைபடம் போட்டு, நெடுஞ்சாலைத் துறைக்கும் போக்குவரத்துப் போலீசுக்கும் மனுவோடு கொடுப்போம். ஐந்தாவது விபத்துக்காகக் காத்திருக்காமல், முதல் விபத்துக்கு முன்னாலேயே கொடுப்போம். படித்த படிப்புக்கு அதைவிட நல்ல பிராக்டிகல் வேறு என்ன இருக்கிறது?

அடுத்த ஆண்டு மலரில் யாருடைய படத்துக்கும் கறுப்புக் கட்டம் போட வேண்டிய நிலை வரக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.