சர்வரை மாத்தலாம், நோட்டைத் தொலைக்கலாமா?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்கேஜியிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. சந்திப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க. என்னைத் திட்டுறதுக்கு வேற காரணம் கீழே இருக்கு.

நெட்வொர்க்ஸ் பேப்பர்ல டிஎச்சிபி எல்லாரும் படிச்சிருப்பீங்க. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ். முதல் எழுத்துகளைச் சேர்த்தா டோரா. சுட்டி டிவி டோராவை நினைச்சுக்கிட்டே மனப்பாடம் பண்ணி, படம் போட்டு, பதிமூணு மார்க் வாங்கிட்டு வந்தோம். நானும்தான். அந்தப் பதிமூணு மார்க் கேள்வி ஒரு சனிக்கிழமை காலையில நேர்ல வந்து நின்னப்போ எனக்குப் பதில் தெரியல. தெரியலைங்கிறதும் தெரியல. அதனால நம்ம பேட்ச்ல மூணு பேரோட பிளேஸ்மென்ட் டெஸ்ட் போச்சு.

நடந்தது இதுதான். எங்க லேப்ல ஐபி அட்ரஸ் கொடுக்கிற சர்வர் ரொம்பப் பழசு. ஃபேன் சத்தமே மிக்ஸி மாதிரி கேட்கும். என்னைக்கு வேணும்னாலும் நின்னுடும்னு லேப் சார் புது மெஷின் ஒண்ணு ரெடி பண்ணச் சொன்னார். நான்தான் ஆசைப்பட்டுப் போய் ஒட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டால் பண்ணி, ரேஞ்ச், கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் போட்டாச்சு. பழைய ரேஞ்ச் 20-ல ஆரம்பிச்சுது. பிரின்டருக்கெல்லாம் இடம் விடலாமே, சுத்தமா இருக்கட்டும்னு நான் 50-ல ஆரம்பிச்சேன். மாத்துற வேலையை அன்னைக்கே முடிச்சிருக்கணும். எனக்கு அரியலூர் பஸ்ஸைப் பிடிக்கணும். காலையில பார்த்துக்கலாம்னு கிளம்பிட்டோம்.

சனிக்கிழமை டிரைவ். ஒன்பது மணிக்கு லேப்ல எல்லா சிஸ்டமும் ஆன் ஆச்சு. சாரை செமினார் ஹால் புரொஜெக்டருக்குக் கூப்பிட்டாங்க. "தம்பி, பழசை ஆஃப் பண்ணிட்டுப் புதுசை ஆன் பண்ணிடு. டெஸ்டுக்கு முன்னாடியே முடிஞ்சிடும்"னு சொல்லிட்டுப் போனார். ஒன்பதரைக்கு நான் மாத்தினேன். என் போன்ல வைஃபை போட்டுப் பார்த்தேன், புது ஐபி வந்துது. ஒரு சிஸ்டம்ல பிரவுசர் திறந்து பார்த்தேன், நெட் ஓடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

பத்து மணிக்கு டெஸ்ட் ஆரம்பம். ஒன்றரை மணி நேரம். சரியா பதினோரு மணிக்கு, ஒண்ணு ஒண்ணா, பதினொரு சிஸ்டம்ல நெட் போச்சு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. எட்டு பேருக்கு கோஆர்டினேட்டர் ரெஸ்யூம் லிங்க் வாங்கிக் கொடுத்தார். மூணு பேருக்கு ஆட்டோ சப்மிட் ஆயிடுச்சு. பாதிப் பேப்பரோட.

அந்த மூணு பேர்ல ஒருத்தி செந்துறை பக்கத்துல ஒரு கிராமம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுறார். முதல் பட்டதாரி சர்டிபிகேட்ல சேர்ந்த பொண்ணு. ரீடெஸ்ட் கிடையாதுன்னு மெயில் வந்துது. திங்கட்கிழமை என்கிட்ட எப்பவும் போலப் பேசினா. நான்தான் மாத்தினேன்னு அவளுக்கு அப்போ தெரியாது. அப்புறம் நானே சொன்னேன். "சரி விடுடா"ன்னா. அதுக்கு மேல அவ எதுவும் சொல்லல, எனக்கும் எதுவும் வரல.

ஏன் சரியா பதினோரு மணி? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. உங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன்.

சர்வர் ஐபியைத் தானமா கொடுக்கிறதில்ல, வாடகைக்குக் கொடுக்குது. அதுதான் லீஸ். எங்க லேப்ல லீஸ் ரெண்டு மணி நேரம். ஒன்பது மணிக்கு வாங்கின ஐபி பதினோரு மணி வரைக்கும் செல்லும். லீஸ்ல பாதி நேரம் போனதும் சிஸ்டம், தனக்கு ஐபி கொடுத்த அதே சர்வர்கிட்ட மட்டும் போய் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கும். பத்து மணிக்குக் கேட்டிருக்கு. பழைய சர்வரைத்தான் நான் ஆஃப் பண்ணிட்டேனே, பதில் இல்ல. 87.5 சதவீத நேரம் போனதும் யார் இருந்தாலும் சொல்லுங்கப்பான்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். அது 10.45. புது சர்வருக்கு அது கேட்டுது. 50-க்கு மேல ஐபி இருந்த சிஸ்டம் எல்லாம் தப்பிச்சுது. 50-க்குக் கீழே இருந்த பதினொண்ணும் அதோட ரேஞ்ச்லயே இல்ல. பதினோரு மணிக்கு லீஸ் முடிஞ்சுது, ஐபி போச்சு. அடுத்த சில நொடியில புது ஐபி கிடைச்சுதுதான். ஆனா நம்ம ஃபயர்வால் லாகினை ஐபியை வச்சுத்தான் ஞாபகம் வச்சுக்குது. புது ஐபின்னா அதுக்குப் புது ஆள். லாகின் பேஜ் கேட்கும். டெஸ்ட் விண்டோ வேற டேப் திறக்க விடாது. அவ்வளவுதான் கதை.

அதாவது நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததெல்லாம் புதுசா வர்றவனுக்கு ஐபி கிடைக்குதான்னுதான். ஏற்கெனவே உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆகும்னு நான் யோசிக்கவே இல்ல.

ஹாஸ்டலை நினைச்சுப் பாருங்க. பழைய வார்டன் போறார், புது வார்டன் வர்றார். சாவிக்கொத்தைக் கொடுத்தாச்சு. எந்த ரூம்ல யார் இருக்கா, எதுவரைக்கும் ஃபீஸ் கட்டியிருக்காங்கன்னு எழுதின நோட்டைக் கொடுக்கல. புது வார்டன் நல்லவர்தான். ஆனா நீங்க ரூம் 34-ல இருக்கேன்னு சொன்னா, "அப்படி ஒரு ரூமே என் லிஸ்ட்ல இல்லையே தம்பி"ன்னுதான் சொல்வார். கான்ஃபிக் ஃபைல் சாவிக்கொத்து. லீஸ் ஃபைல்தான் நோட்டு. நான் சாவியை மட்டும் மாத்தினேன்.

என் கருத்து இதுதான்: சர்வர் மாத்துறதுன்னா மெஷின் மாத்துறது இல்ல. ஏற்கெனவே கொடுத்த வாக்கைக் கைமாத்துறது. அந்த வாக்கு முடியிற வரைக்கும் யாராவது ஒருத்தர் அதுக்குப் பொறுப்பா இருக்கணும்.

இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசும் இல்ல. எங்க வீடு அரியலூர்ல. அதே வீடு, அதே தெரு. ஆனா மாவட்டம் மட்டும் நாலு தடவை மாறிடுச்சு. திருச்சி மாவட்டமா இருந்தது, 1995-ல பெரம்பலூர் ஆச்சு. 2001-ல அரியலூர் தனி மாவட்டம். 2002-ல மறுபடியும் பெரம்பலூரோட சேர்த்தாங்க. 2007-ல மறுபடியும் அரியலூர். வண்டி நம்பர் இப்போ பெரம்பலூருக்கு டிஎன் 46, அரியலூருக்கு டிஎன் 61. அதுக்காக டிஎன் 45, டிஎன் 46 வண்டி வச்சிருந்தவங்களை எல்லாம் நிறுத்தி, போர்டைக் கழட்டுங்கன்னு சொல்லல. பழைய நம்பர் அப்படியே செல்லும், புது வண்டிக்குத்தான் புது நம்பர். பின்கோடும் 621-ல ஆரம்பிக்கிறது அப்படியே இருக்கு, ஏன்னா போஸ்டாபீஸ் கணக்கு வேற. ஆபீஸ் மாறினப்போ அலைஞ்சவங்க நிறைய பேர், அதை நான் மறுக்கல. ஆனா பழைய ஆபீஸ் கொடுத்ததைப் புது ஆபீஸ் மதிக்கணும்ங்கிற அடிப்படை அங்கே இருந்துது. என் ஒன்பதரை மணி வேலையில அது இல்ல.

இது நம்ம லேப் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. இன்னைக்கு நாம படிக்கிற டிஎச்சிபியோட விதிமுறை 1997-ல வந்தது. அதுக்கு அப்பா, 1985-ல வந்த பூட்பி. இத்தனை வருஷமா உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்கள்ல ஓடிக்கிட்டிருந்தது ஐஎஸ்சி டிஎச்சிபிங்கிற சாஃப்ட்வேர். 2022 கடைசியில அதோட பராமரிப்பை நிறுத்தறோம், கியாவுக்கு மாறுங்கன்னு ஐஎஸ்சியே அறிவிச்சிடுச்சு. காலேஜ், ஆஸ்பத்திரி, பேங்க்னு எங்கெல்லாம் பழசு ஓடுதோ அங்கெல்லாம் யாராவது ஒருத்தர் இந்த வேலையைச் செஞ்சுதான் ஆகணும். நம்மள்ல நாலு பேர் அந்த வேலையில இருப்பாங்க. ஆஸ்பத்திரியில பதினோரு மணிக்கு நெட் போனா ரெஸ்யூம் லிங்க் கொடுக்க கோஆர்டினேட்டர் இருக்க மாட்டார்.

சரி, எப்படி மாத்தியிருக்கணும்? இப்போ எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஒண்ணு, லீஸ் நேரத்தை முன்கூட்டியே குறைக்கணும். விண்டோஸ் சர்வர்ல வழக்கமா எட்டு நாள் இருக்கும். அதை ஒரு மணி நேரம்னு மாத்தினா உடனே எல்லாருக்கும் தெரியாது. ஒவ்வொரு சிஸ்டமும் அடுத்த தடவை நீட்டிக்க வரும்போதுதான் தெரியும். அதனால ஒரு முழு பழைய லீஸ் காலம் முன்னாடியே மாத்தி வைக்கணும்.

ரெண்டு, நோட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகணும். விண்டோஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது லீஸையும் சேர்னு தனியா சொல்லணும், சொல்லலைன்னா செட்டிங்ஸ் மட்டும்தான் வரும். லினக்ஸ்ல லீஸ் தனி ஃபைல். அதோட ரிசர்வேஷன் லிஸ்ட்டும் வேணும். பிரின்டர், பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மெஷினெல்லாம் அதுலதான் இருக்கும்.

மூணு, ரெண்டு சர்வரும் ஒரே ரேஞ்சை ஒரே நேரத்துல கொடுக்கவே கூடாது. ஒரே ரூமை ரெண்டு வார்டன் ரெண்டு பேருக்குக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

நாலு, வழியில இருக்கிறவங்களுக்கும் சொல்லணும். ஒவ்வொரு விலேன்லயும் டிஎச்சிபி ரிலேல பழைய சர்வர் அட்ரஸ்தான் எழுதியிருக்கும். ஸ்விட்ச்ல ஸ்னூப்பிங் ஆன்ல இருந்தா, புது சர்வர் இருக்கிற போர்ட்டை நம்பகமானதுன்னு குறிக்கலைன்னா, அது கொடுக்கிற ஆஃபரை ஸ்விட்ச்சே தூக்கிப் போட்டுடும்.

அஞ்சு, மாத்துற அன்னைக்கு ரேஞ்சைத் திருத்தாதீங்க. சுத்தம் பண்றதை இன்னொரு நாள் பண்ணலாம். இந்த ஒரு பாயின்ட் எனக்குன்னே எழுதினது.

ஆறு, தேதி சொல்லணும். மாசாந்திரப் பராமரிப்புக்காக காலை ஒன்பதிலிருந்து இத்தனை மணி வரை மின்சாரம் இருக்காதுன்னு ஈபி முன்கூட்டியே சொல்றாங்க இல்ல? கரன்ட் போறதுல யாருக்கும் சந்தோஷம் இல்ல, ஆனா மோட்டாரைப் போட்டுத் தண்ணி நிரப்பி வச்சுக்கிறோம். அதே மாதிரி ஒரு நோட்டீஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல போயிருந்தா, டிரைவ் அன்னைக்கு வேண்டாமேன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருப்பாங்க.

இதைப் படிச்சுட்டு சிலர் என்ன சொல்வாங்கன்னு தெரியும். "இதுக்குத்தான் ஸ்டூடண்ட்ஸை சர்வர் பக்கம் விடக்கூடாதுங்கிறது." நான் இதை ஒத்துக்கல. என்னைத் தொட விட்டது தப்பில்ல. தொடுறதுக்கு முன்னாடி ஒரு தடவைகூடத் தொட விடாததுதான் தப்பு. லேப் ஓரத்துல சும்மா கிடக்கிற ரெண்டு பழைய பிசி, ஒரு ஸ்விட்ச், இல்ல லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ் போதும். லீஸை அஞ்சு நிமிஷமா வச்சு, ஒரு சர்வரை ஆஃப் பண்ணி இன்னொண்ணை ஆன் பண்ணி, உட்கார்ந்து வேடிக்கை பாருங்க. நான் அரை நாள் அப்படிச் செஞ்சிருந்தா அந்தப் பதினோரு மணி எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். படம் போட்டுப் பதிமூணு மார்க் வாங்குற கேள்வியோட, இந்த சர்வரை மாத்தினா யார் யாருக்கு என்ன ஆகும்னு ஒரு கேள்வியும் கேளுங்க மேடம், சார். அதுக்கு மனப்பாடப் பதில் கிடையாது.

இன்னொண்ணு, லேப் சார் பத்தி. அன்னைக்குத் திட்டு வாங்கினது அவர் ஒருத்தர்தான். ஒரு ஆள், ஆறு லேப், புரொஜெக்டரும் அவர்தான், சிசிடிவியும் அவர்தான். நெட் ஓடுற நாள்ல அவர் பேர்கூட நமக்குத் தெரியாது. நின்னா மட்டும் தேடுவோம். பழைய சர்வர்ல என்ன இருக்குன்னு அவர் தலையில மட்டும்தான் இருந்துது. எழுதி வைக்க நேரமும் யாரும் கொடுக்கல. சப்மிட் ஆன மூணு பேப்பருக்கு நானும் காரணம், எழுதி வைக்காத நம்ம பழக்கமும் காரணம்.

வர்ற செமஸ்டர் லீவுல இன்னொரு பிளாக் சர்வரும் மாறப்போகுது. மே மாசம் நான் போயிடுவேன். செகண்ட் இயர், தேர்ட் இயர்ல யாருக்கு ஆர்வம் இருக்கோ, சாரைப் போய்ப் பாருங்க. நான் ஒரு லாங் சைஸ் நோட்டுல நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன். என்ன ரேஞ்ச், என்ன லீஸ், எந்த ஸ்விட்ச்ல எந்த போர்ட், யாருக்கு ரிசர்வேஷன், அந்த சனிக்கிழமை என்ன நடந்தது, எல்லாம் இருக்கு. தமிழ்லதான் எழுதியிருக்கேன், கையெழுத்து மோசம். புது சர்வர் இருக்கிற ரேக் மேலயே வச்சிருக்கேன். படிங்க, நான் விட்டதைச் சேர்த்து எழுதுங்க. அடுத்த பேட்ச்கிட்ட கொடுக்காம மட்டும் போயிடாதீங்க.